கேட்குமா

விரிகுடாவை விட்டுப் பனிக்கட்டி விலகியதும்
நண்டுப் படகுகள் போகும்.
மூன்றாம் வாரம் டொர்கஸ் பென்னி
என் மருந்துக்கடைக்கு வருவாள்,
ஆலையின் ரப்பர் பூட்ஸோடு,
தரையெல்லாம் உப்புத்தண்ணீர் சொட்ட.

இந்த வருடம் வலது கையை
இடது கையில் ஏந்தி வந்தாள்,
யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக்
கொடுத்துவிட்டுப் போன குழந்தையைப் போல.

ராத்திரி மூன்று மணிக்கு மரத்துப்போகிறது, என்றாள்.
கட்டைவிரல், அடுத்தது, அதற்கும் அடுத்தது.
சுண்டுவிரல் மட்டும் பிழைத்திருக்கிறது.
எழுந்து உட்கார்ந்து உதறுகிறேன்.
யாருக்குக் கையாட்டுகிறாய் என்கிறான் லியாண்டர்.

பிறகு மூன்றாம் தட்டைக் காட்டினாள்.
குளுக்கோசமைன், நூற்றெண்பது மாத்திரை,
முப்பத்திரண்டு டாலர்.
வலி இதற்குக் கேட்குமா, அம்புரோஸ்?

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
பொடி எழுத்தைப் படித்தாள்:
நண்டு, இறால் ஓடுகளிலிருந்து எடுக்கப்பட்டது.
அவள் சிரித்த சிரிப்பில்
தபால்தலை வாங்க நின்றவர் திரும்பிப் பார்த்தார்.
நாள் முழுக்க இதைத்தானே
உடைத்து உடைத்துக் கால்வாயில் தள்ளுகிறேன்.
எனக்கே விற்கிறாயா?

முழங்கால்களில் சோதித்திருக்கிறார்கள், என்றேன்.
பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு வெறும் மாவு.
குறைந்தது என்றார்கள் இரண்டு பக்கமும்,
ஏறக்குறைய ஒரே அளவில்.
மணிக்கட்டை யாரும் பெரிதாக விசாரிக்கவில்லை.
உன்னுடையது மூட்டும் இல்லை, டொர்கஸ்.
குறுகலான வழியில் ஒரு நரம்பு நசுங்குகிறது.
பொடியை விழுங்கினால் வழி அகலமாகாது.

அப்படியானால் ஏன் வைத்திருக்கிறாய்?

மூன்றாம் தட்டு இல்லாவிட்டால் இந்தக் கடை இல்லை,
அடுத்த கடைக்கு எண்பது கிலோமீட்டர்
என்று நான் சொல்லவில்லை.
கல்லாவின் கண்ணாடியைத் துடைத்தேன்.
கோட்டுப் பையில் என் மஞ்சள் மாத்திரைகள் கிலுகிலுத்தன.
குழந்தைகள் திறக்க முடியாத மூடிகளை
இருபத்தாறு வருடம் திறந்து தேய்ந்த
கட்டைவிரல் அடிமூட்டுக்கு.
கேட்கிறதா என்று என்னைக் கேட்டால்,
நிறுத்திப் பார்க்கப் பயம்.

பதினெட்டு டாலருக்கு ஒரு பட்டை காட்டினேன்.
தூக்கத்தில் மணிக்கட்டு மடங்காது.
டாக்டரிடம் பெயர் கொடு, வரிசை ஐந்து மாதமானாலும்.
வெட்டும் மேசையிலிருந்து மாற்றச் சொல்.
மாற்றினால் மணிநேரம் குறையும், என்றாள்.
மணிநேரம் குறைந்தால்
குளிர்காலத்துக்கு அரசாங்கக் காசு வராது.
மேற்கொண்டு என்னிடம் ஒன்றும் இல்லை.
இரண்டையும் வாங்கிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தாள்.
பாட்டில் பிரிக்கவே இல்லை.
அழுத்தித் திருப்ப வேண்டிய மூடி;
லியாண்டர் கடலில்.
நான் அழுத்தித் திருப்பினேன்.
சுரீரென்றது. முகத்தில் காட்டவில்லை.
சும்மா தட்டினால் திறக்கும் டப்பாவில்
மாத்திரைகளைக் கொட்டிக் கொடுத்தேன்.
அன்று நான் செய்த வைத்தியத்தில்
சந்தேகமில்லாதது அது ஒன்றுதான்.

ஆகஸ்டில் வந்தாள், உலர்ந்த செருப்போடு.
கை பாட்டுக்குப் பக்கத்தில் தொங்கியது.
கேட்டுவிட்டது, என்றாள்.

எதற்குக் கேட்டது?
மாத்திரைக்கா, பட்டைக்கா,
ஒதுக்கீடு தீர்ந்து ஆலை மூடிய
பத்தொன்பது நாளுக்கா?
கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.
அவள் அந்தக் கையாலேயே
கதவைத் தள்ளித் திறந்து போனாள்.

அந்த வாரமே அவள் நாத்தி வினிஃப்ரெட்,
பிறகு ஐஸ் அள்ளும் இரண்டு பேர்:
டொர்கஸுக்குக் கேட்டதாமே?
மூவரிடமும் பட்டையைப் பற்றிச் சொன்னேன்.
ஒருத்தி காதில் வாங்கினாள்.
மூவருக்கும் பாட்டில் விற்றேன்.

ராத்திரி சரக்குக் கடிதம் எழுதினேன்.
குளுக்கோசமைன், பன்னிரண்டு.
பட்டை, ஆறு. அடித்து, பன்னிரண்டு.
கடைசி வரியில், பேனாவை விரல் மாற்றிப் பிடித்து:
தட்டித் திறக்கும் டப்பா, ஒரு பெட்டி.